பிள்ளையின் தகப்பன் பெயரைத் திருடாதீர்கள்



பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியர் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது குறித்து நம் வட்டாரத்தில் இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று பள்ளிவாசல் திண்ணையில் கேட்பது: "தத்து ஹராம், ஆகவே அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்." மற்றொன்று கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கேட்பது: "ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தால் ஒரு பிள்ளையை வாங்கி உங்கள் பெயரிலேயே எழுதிவிடலாம்; யதீமை வளர்த்த நன்மையும் சேரும்." கேட்பதற்கு இவை இரண்டும் எதிரெதிரானவை. ஆயினும் முதல் பேச்சுதான் இரண்டாவதைப் பெற்றெடுக்கிறது. ஆகுமான வழி எதுவென்று சொல்லாமல் வாசற்கதவைச் சாத்துகிறவர், கொல்லைப்புறச் சுவரில் ஏணியைச் சாத்தி வைத்துவிட்டுப் போகிறார்.

யாரை முன்னிட்டு இதனை எழுதுகிறோம் என்பதையும் சொல்லிவிடுவோம். கும்மிடிப்பூண்டி மின்ரயில் பாதையிலுள்ள ஊர்களிலும், பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரையுள்ள ஊர்களிலும் வளைகுடா வருமானத்தில் வாழும் நம் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒரு தம்பதியர், நிகாஹ் முடிந்து பதினோராண்டுகள் ஆனவர்கள். கணவர் ஷார்ஜாவில் கணக்கர்; மனைவியும் உடன் வசிக்கிறார். மருத்துவமெல்லாம் பார்த்துக் களைத்தபின், வெளிநாடுவாழ் இந்தியர் என்ற முறையில் ‘காரா’ எனப்படும் மத்திய தத்து ஆணையத்தில் பதிவுசெய்து, மூன்றாம் ஆண்டாகக் காத்திருக்கின்றனர். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நெருங்கிய உறவினர் ஒருவர் அவர்களிடம் சொன்னார்: "சிப்காட்டில் வேலை செய்கிற ஒடிசாக்காரப் பெண்ணுக்கு இது மூன்றாவது பிரசவம். வேண்டாம் என்கிறாளாம். மூன்று லட்சம் கொடுத்தால் நர்ஸம்மாவே முடித்துத் தருவார். பிறப்புச் சான்றிதழ் உங்கள் பெயரில் வந்துவிடும். அடுத்த மாதம் பாஸ்போர்ட். எதற்காக இப்படிக் கிடந்து தவிக்கிறீர்கள்?"

அத்தம்பதியர் மதரஸாவுக்கு வந்து நம்மிடம் விளக்கம் கேட்டனர். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறோம். ஏனெனில் அந்த உறவினரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடும் இருக்கிறார்கள். அதுதான் ஆபத்து.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம்: யதீம். பருவம் அடையுமுன் தந்தையை இழந்த பிள்ளைக்கே ஷரீஅத்தில் அப்பெயர். சிப்காட் தகரக் கொட்டகையில் பிறக்கவிருக்கும் அப்பிள்ளைக்குத் தாய் உயிரோடிருக்கிறாள். தந்தையும் ஏதோவோர் இரும்பு உருக்காலையில் இரவுப் பணியில் நின்றுகொண்டிருக்கிறான். அவர்களிடமிருந்து பணம் கொடுத்துப் பிரித்து, பெற்றவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அழித்து, பிறகு "யதீமை எடுத்தோம்" என்பது எவ்வகை நியாயம்? யதீமைப் பராமரிப்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்கள் போல் நெருங்கி இருப்பார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். பிள்ளையை யதீமாக ஆக்குகிறவருக்கு அந்த நற்செய்தியில் பங்கு கேட்க நாக்கூச வேண்டாமா?

அடுத்தது அந்தச் சான்றிதழ். அதில் "இன்னார் பெற்ற பிள்ளை" என்று எழுதப்படும் வரி பொய். அது யாரோ ஒரு குமாஸ்தாவை ஏமாற்றும் சில்லறைப் பொய் என்று எண்ணாதீர்கள். ஒரு மனிதனின் நஸபை, வம்ச வழியை, அவன் பேசக் கற்குமுன்பே களவாடுவது அது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் இறங்கியது இதற்காகவே. வாயால் மகன் என்று சொல்லிவிட்டதால் ஒருவர் மகனாகிவிடுவதில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்றவரின் பெயராலேயே அழையுங்கள். தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள், உங்களைச் சார்ந்தவர்கள். இதுவே அவ்வசனங்களின் கருத்து. தெரிந்தே தன் தந்தையல்லாத ஒருவரைத் தந்தையென உரிமை கொண்டாடுபவருக்கு ஹதீஸில் வந்துள்ள எச்சரிக்கை கடுமையானது. அந்தப் பிள்ளையோ தெரியாமல் அதைச் செய்யப் போகிறது. வாழ்நாள் முழுதும், ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் செய்யப் போகிறது. அதைச் செய்ய வைத்தவர் யார்?

அவ்வசனங்கள் எந்தச் சூழலில் இறங்கின என்பதை நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கிறோம், பெரியவர்களுக்குத்தான் நினைவில்லை. ஸைத் (ரலி) அவர்கள் கல்ப் கோத்திரத்துச் சிறுவர். தாயோடு பயணம் போனபோது கொள்ளையரால் கடத்தப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்டார். ஹகீம் இப்னு ஹிஸாம் அவரை வாங்கித் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களுக்குத் தந்தார். கதீஜா நாயகி அவரை நபியவர்களிடம் ஒப்படைத்தார்கள். தந்தை ஹாரிஸா மகனைத் தேடி அழுது அலைந்தார். மகன் மக்காவில் இருப்பது ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் மூலம் தெரியவந்ததும், மீட்புப் பணத்தோடு தம் சகோதரரையும் அழைத்துக்கொண்டு ஓடிவந்தார். பணம் வேண்டாம், பிள்ளையே முடிவு செய்யட்டும் என்றார்கள் நபியவர்கள். ஸைத் அவர்களோடு இருப்பதையே தேர்ந்தார். அன்றிலிருந்து ஊரார் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தனர்.

இதைவிட அழகான வளர்ப்புறவு உலகில் உண்டா? பிள்ளையின் விருப்பம் இருந்தது, பெற்ற தந்தைக்கும் எல்லாம் தெரியும், வளர்ப்பவரோ அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும் ஆண்டுகள் பல கழித்து அல்லாஹ் அந்தப் பெயரைத் திருத்தினான். அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். தேடித் தேடி ஓடிவந்த அந்தத் தந்தையின் பெயர் மகனோடு திரும்பவும் சேர்க்கப்பட்டது. அதனால் அன்பு குறைந்ததா? ஹிஜ்ரி 8இல் மூத்தா போருக்குப் படைத்தளபதியாக அவரைத்தான் நபியவர்கள் அனுப்பினார்கள். அங்கேயே அவர் ஷஹீதானார். நபித்தோழர்களுள் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர் அவர் ஒருவர்தான். பெயரைத் திருப்பிக் கொடுத்தால் பாசம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் இவ்வரலாற்றைத் திரும்பப் படிக்கட்டும்.

ஹாரிஸாவைப் போலத் தேடி அலைந்த பெற்றோர் நமக்கு வெகு அருகிலேயே இருந்தனர். நம் மின்ரயில் பேசின் பிரிட்ஜைக் கடக்கும்போது அருகில் தெரிவது புளியந்தோப்பு. 1999இல் அப்பகுதியிலிருந்து ஓர் ஆண் குழந்தை கடத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வட சென்னையின் ஏழை முஸ்லிம் குடும்பமொன்றின் பெண் குழந்தை தெருவிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டது. புதுப்பெயர் சூட்டப்பட்டு, தாயே மனமுவந்து ஒப்படைத்ததாகப் பத்திரம் தயாரிக்கப்பட்டு, இக்குழந்தைகள் தத்து நிறுவனம் வழியாக வெளிநாடு சென்றதாக வழக்கு. சிறுவன் அமெரிக்காவுக்கும் சிறுமி ஆஸ்திரேலியாவுக்கும் சென்றதாக விசாரணையில் கண்டறிந்தனர். 2005இல்தான் காவல்துறை கடத்தல்காரர்களைப் பிடித்தது. பிறகு வழக்கு சிபிஐக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தாய்மார் தர்காக்களிலும் கோயில்களிலும் காவல் நிலையங்களிலும் பிள்ளையைத் தேடினர். அந்நிய நாட்டில் அக்குழந்தைகளை ஏற்ற பெற்றோரும் நல்லவர்களே. அவர்களும் நீண்டநாள் காத்திருந்தவர்களே. தங்களிடம் காட்டப்பட்ட காகிதத்தை நம்பினார்கள். நம் உறவினர் நீட்டும் காகிதமோ பொய்யென்று நமக்கே தெரியும். அவர்களுக்கிருந்த சாக்கு நமக்கில்லை.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவூட்ட வேண்டும். அங்கே டச்சுக்காரரின் கல்லறைகளைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த டச்சுக் கம்பெனி பழவேற்காட்டுத் துறையிலிருந்து மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பியது. பஞ்சக் காலத்தில் பெற்றோரே பிள்ளைகளை விற்றனர். அதனால் விலையும் மலிந்தது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து அதே நெதர்லாந்து, இலங்கை, வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை தத்தெடுத்துச் சென்ற குழந்தைகள் பற்றி ஓர் ஆணையம் அமைத்து ஆராய்ந்தது. பொய்ப் பத்திரங்களும் விலைபேசுதலும் மலிந்திருந்ததைக் கண்டு, 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தையே அப்போதைக்கு நிறுத்தி வைத்தது. அப்படிச் சென்ற இலங்கைப் பிள்ளைகள் நடுவயதில் தாயைத் தேடிக் கொழும்புக்கு வந்தபோது, பலர் கையிலிருந்த சான்றிதழில் இருந்த பெயருக்குரிய பெண் அவர்களைப் பெற்றவளே அல்லள். பஞ்சம் பிழைக்க வந்த பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்கு விலை பேசுவது நம் கரைக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னோம். அன்று விற்றவர் பசியால் விற்றார். இன்று வாங்க முனைபவர் தொழுகையாளி.

தரகு எப்படி நடக்கிறது என்பதைத் தமிழ்நாடு 2019 ஏப்ரலில் காதாரக் கேட்டது. நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் தொலைபேசியில் விலை சொன்ன ஒலிப்பதிவு எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. பெண்ணுக்கு ஒரு விலை, ஆணுக்கு ஒரு விலை, நிறத்துக்குத் தக்கபடி கூடுதல். பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் கணக்கு. அதைக் கேட்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் "நவூது பில்லாஹ்" என்று எழுதாதவர் இல்லை. அப்படி எழுதியவர்கள்தாம் இன்று "நர்ஸம்மா முடித்துத் தருவார்" என்கின்றனர்.

சட்டமும் இதில் தெளிவானது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி முறையைப் பின்பற்றாது குழந்தையை வாங்கினாலும் கொடுத்தாலும் மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81ஆம் பிரிவில் வரும். ஐந்தாண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் உடந்தையென்றால் குறைந்தது மூன்றாண்டு, ஏழாண்டு வரை. வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு வழக்கு ஒன்று பதிவானாலே பாஸ்போர்ட்டுக்கு என்னாகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் சிறைக்கு அஞ்சி மட்டும் விலகச் சொல்லவில்லை. நாம் வலியுறுத்துவது வேறு: எந்தக் காகித வரிசையை "கவர்ன்மெண்ட் தொல்லை" என்று சலித்துக் கொள்கிறீர்களோ, அந்த வரிசைதான் ஷரீஅத்தின் நோக்கத்துக்கு அருகில் இருக்கிறது. பிள்ளை கைவிடப்பட்டதா, ஒப்படைக்கப்பட்டதா, பெற்றோர் யார், தேடினார்களா என்று குழந்தைகள் நலக் குழு விசாரிக்கிறது. ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. அதன்பிறகே பிள்ளை தத்துக்குத் தகுதியானதென அறிவிக்கப்படும். அந்த விசாரணை ஏடு காக்கப்படுகிறது. பதினெட்டு வயதான பின் அப்பிள்ளை தன் வேரைத் தேடி விண்ணப்பிக்க விதிகளில் இடமிருக்கிறது. பெற்றவர்கள் பெயர் ஒப்படைப்புப் பத்திரத்தில் இருந்தால், அது எங்கோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் மாற்றி எழுதப்பட்ட பிள்ளைக்கு அத்தகைய அலமாரி உலகத்தில் எங்குமில்லை.

வட சென்னைக் குழந்தைகளும் காகிதத்தோடுதானே போனார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்று பிள்ளையைச் சேர்த்தவரே பெற்றோரையும் தேர்ந்து கொடுத்தார். கைமாறிய பணமும் அங்கேயே நின்றது. உச்சநீதிமன்றம் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் 1984இலேயே வெளிநாட்டுத் தத்துக்கு நெறிகள் வகுத்திருந்தும் அவ்வோட்டை அடைபடவில்லை. இந்தியா ஹேக் உடன்படிக்கையை 2003இல் ஏற்றது. இன்று வரிசையை நிறுவனம் அமைப்பதில்லை, மத்திய இணையப் பதிவேடு அமைக்கிறது. இதிலும் குறை இருக்கலாம். ஆள்பவர்களின் குறையைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. குறையுள்ள வேலி இருக்கிறது என்பதால் வேலியே இல்லாத இடத்தில் ஆட்டை மேய்ப்பாரில்லை.

காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது? 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு அளித்த அறிக்கையின்படி, 2021 டிசம்பரில் நாடு முழுதும் ஏறக்குறைய 28,000 பேர் பதிவுசெய்து காத்திருந்தனர். 2022 ஜூனில் தத்துக்குத் தகுதியென அறிவிக்கப்பட்டிருந்த குழந்தைகளோ சுமார் 2,400 பேர். 2017இல் ஓராண்டாக இருந்த காத்திருப்பு மூன்றாண்டாக நீண்டதையும் அது சுட்டியது. வெளிநாடுவாழ் இந்தியருக்கு உள்நாட்டினருக்கு இணையான இடமே உண்டு; பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. ஆனால் இல்ல ஆய்வு வசிக்கும் நாட்டில் நடக்க வேண்டும். அங்கே அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் இல்லையென்றால் இந்தியத் தூதரகம் வழியாக. பிறகு காராவின் தடையின்மைச் சான்று, 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரின் ஆணை, பாஸ்போர்ட், குடியேற்ற அனுமதி. இவற்றைத் தாண்டத் தெம்பு வேண்டும்தான்.

இனி, திண்ணையில் அமர்ந்து "ஹராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களிடம் வருவோம். அவர்களுள் சிலர் நம் ஆசிரியர் தரத்தில் உள்ளவர்கள். அவர்கள் கல்விக்கு நாம் மரியாதை செய்கிறோம். ஆயினும் கேட்கிறோம்: எது ஹராம்? பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையென வம்சத்தில் சேர்ப்பது ஹராம். பிறர் பிள்ளைக்குச் சோறூட்டி, படிக்க வைத்து, காய்ச்சலில் விழித்திருந்து, வாழ்வில் நிறுத்துவதற்கு மார்க்கத்தில் கஃபாலா என்று பெயர். ஆலு இம்ரான் அத்தியாயத்தில் மர்யம் (அலை) அவர்களை ஸக்கரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்றதைச் சொல்லும்போது அச்சொல்லின் வேரிலிருந்து பிறந்த வினையே ஆளப்படுகிறது. பிள்ளையில்லாத முதியவர், பிறர் பிள்ளையைப் பொறுப்பேற்றவர். அப்பிள்ளையின் மிஹ்ராபில் நின்றுதான் தமக்கும் ஒரு வாரிசு வேண்டுமென்று துஆ கேட்டார். பொறுப்பேற்றதும் தம் ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை. ஏங்கியதால் மர்யத்தின் வம்சத்தைத் தம்முடையதாக்கிக் கொள்ளவுமில்லை. இந்தப் பாடத்தை ஜும்ஆ மேடையில் கேட்டு எத்தனை ஆண்டாகிறது?

கஃபாலாவை உலகமும் அறியும். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் விதி அதனைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. மொராக்கோ 2002இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. வளைகுடா நாடுகள் பெரும்பாலும் தத்தை அல்ல, பராமரிப்பையே அறிந்தவை. இந்தியாவில் அப்பெயரில் சட்டமில்லை. இருப்பவை இரண்டு: 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், மற்றும் சிறார் நீதிச் சட்டம். 2014 பிப்ரவரி 19இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம், எம்மதத்தவரும் சிறார் நீதிச் சட்டப்படி பிள்ளையை ஏற்கலாம் என்றது. முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் அவ்வழக்கில் கஃபாலாவை எடுத்துரைத்து வாதிட்டது. இச்சட்டம் விரும்பியோர்க்கு வழிதருவது, எவரையும் கட்டாயப்படுத்துவதன்று என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

சிக்கல் இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். அச்சட்டப்படி ஆணை பிறந்தால் பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளைக்குச் சமம் என்றும், பிறந்த குடும்ப உறவு அறுந்ததென்றும் கருதப்படும். காப்பாளர் முறையில் இச்சிக்கல் இல்லை. ஆனால் பதினெட்டு வயதோடு அது முடிந்துவிடும், வெளிநாட்டுக் குடியேற்றத்திலும் பலவேளை எடுபடுவதில்லை. இவ்விரண்டில் எதை ஏற்பது என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் தம் ஆலிமிடம் கேட்டு முடிவெடுக்கலாம். நம் கருத்து இது: அரசாணை பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது; இரத்தம் யாருடையது என்பதை அல்லாஹ் தீர்மானித்துவிட்டான். ஆணையை ஏற்றவர் பிள்ளையிடமும் ஜமாஅத்திடமும் உண்மையைச் சொல்லிவிட்டால் நஸப் காப்பாற்றப்படும். அவள் பிரசவித்தாள் என்ற பொய்யில் மட்டும் எந்த ஆலிமுக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

மறைத்தால் என்னாகும் என்பது நிகாஹ் தஃப்தரைத் திறக்கும் நாளில் தெரியும். பெண்பிள்ளைக்கு வலீ யார்? வளர்த்தவர் வம்சத் தந்தை அல்லர். அவரால் அந்த உரிமையில் நிகாஹ் செய்துவைக்க இயலாது. உண்மை தெரிந்திருந்தால் காழி வலீயாக நின்று முறையாக முடித்துவைப்பார். ஐந்து நிமிட வேலை. மறைக்கப்பட்டிருந்தால் அந்த நிகாஹே கேள்விக்குள்ளாகும். யார் யாருக்கு மஹ்ரம் என்பதும் கலைந்துபோகும்.

மஹ்ரம் சிக்கலுக்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. நம்மவர் அதைச் சொல்லித் தருவதில்லை. பாலூட்டல். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் ஊட்டினால் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபிஈ மத்ஹபில் தனித்தனியாக ஐந்து தடவை. ஹனஃபியில் ஒரு தடவையே போதும். பெண்பிள்ளையை எடுத்தால் கணவரின் உடன்பிறந்தவள் பாலூட்டட்டும். கணவர் அப்பிள்ளைக்குப் பால்குடி தாய்மாமன் ஆகிவிடுவார். ஆண்பிள்ளையென்றால் மனைவியின் அக்காவோ தங்கையோ ஊட்டட்டும். மனைவி பால்குடிச் சின்னம்மாவோ பெரியம்மாவோ ஆகிவிடுவார். மருத்துவர் துணையோடு மனைவியே பால் சுரக்கச் செய்து ஊட்டினால் இன்னும் எளிது: ஆண்பிள்ளைக்கு அவரே பால்குடித் தாய், பெண்பிள்ளையோ மனைவியின் பால்குடி மகள் என்ற வகையில் கணவருக்கும் மஹ்ரமாகிவிடுவாள். காத்திருக்கும் மூன்றாண்டு வீண் என்பவர்கள், வீட்டில் யார் பாலூட்டப் போகிறார்கள் என்பதை இப்போதே பேசி வைக்கலாமே. ஊட்டியவர் பெயரையும் நாளையும் ஓர் ஏட்டில் குறித்து வைக்கட்டும். பின்னாளில் பால்குடிச் சகோதரர்களிடையே நிகாஹ் பேச்சு எழாமலிருக்க அது உதவும்.

சொத்தும் அப்படியே. வளர்ப்புப் பிள்ளை ஷரீஅத்தில் வாரிசு அல்ல. ஆனால் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம்; வாழும்போதே ஹிபாவாகக் கொடுத்து உடைமையை ஒப்படைக்கலாம். பங்காளிகளை அழைத்து, பிள்ளை வருமுன்பே இதைச் சொல்லிவிட்டால் நாளை கபுருக்கு மண் தள்ளிய கையோடு சண்டை வராது. சொல்லாமல் மறைத்து, பெற்ற பிள்ளையெனக் காட்டி முழுச் சொத்தையும் கொடுப்பவர் தம் உடன்பிறந்தோரின் பங்கைப் பறிக்கிறார். அந்த உறவினர் சொன்ன நன்மைக் கணக்கில் இதுவும் சேர்ந்ததா?

நம் வீடுகளில் அண்ணன் பிள்ளையைத் தம்பி எடுத்து வளர்ப்பது வழமை. அதில் நஸப் தெரிந்தே இருக்கிறது, நல்லது. உறவினருக்குள் ஏற்பதற்கும் எம்மதத்தவருக்கும் சட்டத்தில் இடமுண்டு. பதிந்துகொண்டால் விசா கேட்கும் நாளில் அலைய வேண்டியதில்லை.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை ஆண்களின் சட்டப் பேச்சாகவே முடிந்துவிடும். விடுமுறைக்கு வருகிற ஒவ்வொரு முறையும் அவரிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள். வளைகாப்புக்கு ஒத்த சீர் நடக்கும் வீட்டில் அவரை முன்வரிசையில் உட்கார வைப்பதில்லை. குறை யாரிடம் என்று எந்த மருத்துவரும் அவரைச் சுட்டவில்லை. சுட்டினாலும் அது குற்றமன்று. ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளையில்லை. உம்மத் முழுவதற்கும் உம்மா. தரகரிடம் போகும் அவசரம் பெரும்பாலும் தாய்மை ஏக்கத்தால் மட்டும் பிறப்பதில்லை. இந்தப் பெண்களின் வாய்க்குப் பதில் சொல்ல முடியாமல் பிறக்கிறது. கர்ப்பம் போலத் துணி கட்டிக்கொண்டு பிரசவ நாடகம் நடத்திய குடும்பங்களையும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த நாடகத்துக்கு அரங்கம் கட்டிக் கொடுத்தது ஊர். ஆகவே மாமியார்களுக்கும் லாத்தாமார்களுக்கும் வெளிப்படையாகவே சொல்கிறோம்: நீங்கள் கேள்வி கேட்பதை நிறுத்தினால் பாதித் தரகர்களுக்கு வேலை போய்விடும்.

இனி அந்த ஒடிசாப் பெண்ணுக்கு வருவோம். தம்பதியருக்குச் செய்யச் சொன்னது எளியது: வரிசையிலிருந்து விலக வேண்டாம். அவளுக்குச் செய்ய வேண்டியது ஜமாஅத்தின் கடமை. தரகருக்கென வைத்திருந்த மூன்று லட்சத்தில் ஒரு சிறு பகுதியை ஸதகாவாகக் கொடுத்தால் பிரசவச் செலவும் மூன்று மாத வாடகையும் பாலும் முடிந்துவிடும். அவள் முஸ்லிம் அல்லாதவள் என்பது ஸதகாவுக்குத் தடையன்று. அரசு மருத்துவமனையில் சேர்க்க, இந்தி தெரிந்த நம் பிள்ளைகள் துணைக்குப் போகட்டும். மதரஸாவில் பிஹார் மாணவர்கள் இருக்கிறார்கள், நாமே அனுப்புகிறோம். அதன்பின்னும் தன்னால் வளர்க்க இயலாது என்று அவள் சொன்னால், 1098 என்ற எண்ணுக்குச் சொல்லி, திருவள்ளூரிலுள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் அவளையே அழைத்துச் செல்ல வேண்டும். தன் கையால், தன் பெயரால் அவள் எழுதிக் கொடுக்கட்டும். அவளுக்கும் அந்த 60 நாள் உண்டு. அதற்குள் மனம் மாறி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஒடிசா ரயில் ஏறிவிட்டால், வழிச்சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவோம்.